மடியில் போட்டுத் தலைக்கு ஊற்றுவது

ஷாம்பு பாட்டிலின் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அதன் முதுகில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவர்கள் மேல்தான் கோபம். நனைக்கவும், தேய்க்கவும், அலசவும் என்று முடித்துவிடுகிறார்கள். அதை எழுதியவர் ஒரு சின்னப் பிள்ளையைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போய், அது அழாமல் அலசிக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் மகளை. திருநெல்வேலிக்காரர்களான நானும் என் கணவரும் கல்யாணமான கையோடு செகந்திராபாத்துக்கு வந்தவர்கள். அவருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. மாரெட்பள்ளியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கோயில், டாக்டர், மறுபடி கோயில் என்று சுற்றிவிட்டு, ஒரு கட்டத்தில் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்தியிருந்தோம். தங்கையும் அவள் கணவரும் ஹைதராபாத்தின் மாதாப்பூர் பகுதியில் சாப்ட்வேர் வேலையில் இருந்தார்கள். அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆன்சைட் என்ற சொல்லைக் கேட்டாலே வீடுகளில் சாமிக்கு விளக்கேற்றினார்கள்.

அவர்கள் இருவருக்கும் ஒன்றாக அமெரிக்கா கிடைத்தது. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை.

“ஆறே மாசந்தான்க்கா. பாப்பா உங்கிட்ட இருக்கட்டும். நாங்க போயி ஒரு வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருதோம்” என்றாள் தங்கை.

“ஆறு மாசம் என்ன, அறுபது மாசம் வேணும்னாலும் இருக்கட்டும்” என்றேன் நான். வாய் முகூர்த்தம் என்பார்கள்.

பிள்ளை ஒரு பையோடும் சுருட்டை முடியோடும் வந்து இறங்கினாள். அந்த முடியை இரண்டு பிள்ளைக்குப் பங்கு வைக்கலாம். அவ்வளவு அடர்த்தி. தலைக்குத் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆபீஸ் பஸ் வருவதற்கு முன்னால், குழாய்க்கு அடியில் நிற்க வைத்து, குனி குனி என்று அதட்டி, அவசரமாக இரண்டு செம்பு ஊற்றித் துவட்டிவிடுவது தங்கையின் வழக்கம். குனிந்தால் நுரை எங்கே போகும்? கண்ணுக்குத்தான் போகும்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் போட்ட கூச்சலில் மாடியில் குடியிருந்த தெலுங்குக்கார அம்மாள், யாருக்கோ கையோ காலோ போய்விட்டது என்று நினைத்துப் படியிறங்கி ஓடி வந்துவிட்டார். நான் பிள்ளையைவிடக் கூடுதலாக நனைந்திருந்தேன். பாதி சீயக்காய் என் புடவையில் இருந்தது. கோபமும் களைப்புமாக அப்படியே ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். அழுது ஓய்ந்த பிள்ளை, வேறு போக்கிடம் இல்லாமல், என் மடியிலேயே வந்து மல்லாந்து சாய்ந்தது. தலை என் முழங்காலுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. நான் சும்மா, சோதித்துப் பார்க்கிற மாதிரி, நெற்றி மயிரிலிருந்து பின்னால் போகும்படி ஒரு குவளை ஊற்றினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட முகத்துக்கு வரவில்லை.

இப்படித்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை என்பது எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியமாகிவிட்டது. ஹைதராபாத்தில் தலைமுடி வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி போர்வெல் தண்ணீர். அதில் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துப் போகும். மாதாப்பூருக்கு வேலைக்கு வந்த பையன்களெல்லாம் ஊருக்குப் போகும்போது வழுக்கையோடு போனதற்கு அந்தத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நகராட்சிக் குழாயில் வருகிற மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர்தான் தலைக்கு ஆகும். அதைக் குடிக்கப் பிடித்தது போக ஒரு டிரம்மில் மூடி வைத்திருப்பேன். என் கணவர் அவசரத்துக்கு ஒரு வாளி எடுத்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு ரசம் கிடையாது.

நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை அரிசியும் போட்டு, அரிசி பொரிகிற வரைக்கும் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் உச்சியில் வைக்க வேண்டும். முதல் கை எண்ணெயை உள்ளங்கையால் தட்டித்தான் வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சீயக்காயைத் தண்ணீரில் கரைத்தால் மண் மாதிரி தலையில் நிற்கும். சோறு வடித்த கஞ்சியில் கரைத்தால் வழுவழுவென்று இறங்கும். நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். ஊற்றும்போது இடது கையின் விரல்களைச் சேர்த்து நெற்றியில் ஒரு சின்ன அணை கட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குளிக்க வைக்கிறவள் உலர்ந்த புடவையோடு வெளியே வரலாம் என்று நினைக்கவே கூடாது. பிள்ளை எவ்வளவு நனைகிறதோ அவ்வளவு தானும் நனைய வேண்டும்.

மடியில் கிடந்தபடி அவள் பேசுவாள். மாடியில் தெலுங்கு, தெருவில் ஹைதராபாத் இந்தி, வீட்டில் நெல்லைத் தமிழ் என்று மூன்றையும் பிசைந்து ஒரு பாஷை வைத்திருந்தாள். சீயக்காய் வேண்டாம் என்பதற்கு “நக்கோ பெரிம்மா, நக்கோ” என்பாள். ஏன் என்று கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் “கைக்கு?” என்பாள்.

“கைக்கு பெரிம்மா, உன் முடி வெள்ளையா இருக்கு?”

“ஒங்க பெரிப்பாவக் கட்டிக்கிட்டேம்லா, அதான்.”

“பெரிப்பா முடியும் வெள்ளைதானே?”

“அவரு என்னையக் கட்டிக்கிட்டாரு.”

இதைக் கேட்டு வெளியே அவர் சிரிக்கும் சத்தம் வரும். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் பகலில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது சில நேரம் அவளுக்கு நாக்கு தவறி, “அம்மா, போதும்மா” என்று வந்துவிடும். “அம்மா அமெரிக்கால இருக்கா. நான் பெரிம்மா” என்று திருத்துவேன். அதில் நான் கறாராகத்தான் இருந்தேன். சனிக்கிழமை போன் வரும்போது அவளை இழுத்து வந்து, “அம்மான்னு சொல்லு, முத்தம் குடு” என்று ரிசீவரைக் காதில் வைப்பேன். ஆனால் சில வெள்ளிக்கிழமைகளில், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை என்று விட்டுவிடுவேன். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே இன்னொரு குவளை ஊற்றுவேன்.

ஆறு மாதம் போய், புராஜெக்ட் நீண்டது, விசா மாறியது, வீடு மாறியது. பிள்ளையைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தோம். ரிப்பன் கட்டி இரட்டைச் சடை போட்டு அனுப்பினேன். ஒருநாள் தங்கை கணவர் போனில், “இங்க வந்தா கிரெச்லதான் விடணும். பேசாம கொஞ்சம் பெரிய பிள்ளையாகுற வரைக்கும் அங்கேயே படிக்கட்டும்ங்க” என்றார். பாவம், அவர் அதைப் போகிற போக்கில் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பத்தாவது வரைக்கும் மனசுக்குள்ளேயே படிக்க வைத்துவிட்டேன். சடங்குக்கு என்ன நிறத்தில் பட்டு எடுப்பது என்பது வரைக்கும் போய்விட்டது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று எங்கள் ஊரில் சொல்வதை நானும்தான் பிறத்தியாருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

யூ.கே.ஜி. முடிகிற சமயத்தில் அவர்கள் வந்தார்கள். அங்கே சொந்தமாக வீடு வாங்கியாகிவிட்டது, பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது, டிக்கெட் மூன்று பேருக்கும் எடுத்தாகிவிட்டது. பிள்ளை என் முந்தானைக்குப் பின்னால் நின்று, எட்டிப் பார்த்து, மறுபடி ஒளிந்துகொண்டாள். தங்கை அடுப்படியில் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

“எம் பிள்ளைக்கு என்னையத் தெரியலையேக்கா.”

எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கட்டித்தான் கொண்டேன். அவள் கேட்பது அவள் பிள்ளையை. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? மூன்று வருஷம் எண்ணெய் வைத்தேன் என்பதெல்லாம் ஒரு உரிமையா? என் கணவர் அந்த நாட்களில் பிள்ளையின் செருப்புகளைத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

பயணம் வெள்ளிக்கிழமை அமைந்தது. ஊருக்குப் போகிற நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. முந்தின நாள் வியாழக்கிழமை, அன்றைக்கு எண்ணெயையே தொடக் கூடாது. அந்த வாரத்துக் குளியல் அப்படிப் போனது. கடைசியாக ஒரு தடவை அவளை மடியில் போட்டு ஊற்ற வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதையெல்லாம் பார்க்காதே என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், டிரம்மைத் திறந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. நானாக மீறவும் பயம். விமானத்தில் போகிற பிள்ளை.

பேகம்பேட்டை விமான நிலைய வாசலில், உள்ளே போகிற வரைக்கும் அவளுக்கு விஷயம் சரியாகப் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றதும்தான் புரிந்தது. “பெரிம்மா, நுவ்வூ ரா!” என்று தெலுங்கில் கத்தினாள். நீயும் வா என்று அர்த்தம். தங்கை கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய தோளுக்கு மேல் அந்தச் சுருட்டைத் தலை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தோம். உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. ஒருவர் ஊருக்குப் போன வீட்டில் அன்றைக்கு யாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. செத்த வீட்டில்தான் அப்படிக் குளிப்பார்கள். அதையும் மீறவில்லை. அப்படியே போய் அவளுடைய தலையணையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் கஞ்சியை வடித்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டேன். ஆறிப்போய் ஏடு படிந்த பிறகுதான் யாருக்கு என்று உறைத்தது. சாக்கடையில் ஊற்றிவிட்டு, என் கணவர் முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். அவர், “அழு, அழு” என்றார். வேறு என்ன சொல்வார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கையிடமிருந்து போன். அங்கே காலை நேரம். பின்னால் பிள்ளையின் கூச்சல் கேட்டது. அந்தக் கூச்சலை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன், தலைக்குத் தண்ணீர்.

“அக்கா, என்னால முடியலக்கா. தலையத் தொட விடமாட்டேங்கா. பக்கத்து வீட்டுக்காரங்க போலீசக் கூப்பிட்ருவாங்களோன்னு பயமா இருக்கு. பேசாம ஒட்ட வெட்டிரலாம்னு பாக்கேன்.”

“வெட்டித் தொலைச்சிராத” என்றேன். “நீ எப்படி ஊத்துத, அதச் சொல்லு.”

“ஷவருக்குக் கீழ நிக்க வச்சு.”

“நீ எங்க நிக்க?”

“வெளியதான். திரைக்கு இந்தப் பக்கம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை உடைத்திருப்பேன். நிதானித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போடு, நான் சொல்லச் சொல்லச் செய் என்றேன். அதுதான் தப்பாகப் போனது. என் குரல் கேட்டதும் பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தினாள். பிறகு திரையை இழுக்கிற சத்தம், ஏதோ கதவைத் திறந்து மூடுகிற சத்தம். “பெரிம்மா எக்கட? எங்க ஒளிஞ்சிருக்கா?” என்று வீடெல்லாம் ஓடித் தேடுகிறாள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் நான் இல்லை. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கான அழுகை இல்லை. நான் போனை வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வாரம் தங்கை இடையில் ஒரு தடவை கூப்பிட்டாள். நான் பெட்டியில் வைத்து அனுப்பிய சாம்பிராணியைப் போட்டுப் பார்த்தாளாம், வாசனைக்காவது பிள்ளை பழகுவாளோ என்று. கூரையில் இருந்த புகை மணி ஊளையிட்டு, தெருவே வெளியில் வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னவள், நடுவில் குரல் உடைந்து, “அக்கா, ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“சனிக்கிழம தண்ணி ஊத்தும்போது உன் குரல் அவளுக்குக் கேக்க வேண்டாம்க்கா. நீ எங்கிட்ட மட்டும் சொல்லு.”

நியாயம்தான். நியாயமான வார்த்தைதான் நெஞ்சில் போய் நிற்கும் போலிருக்கிறது.

சனிக்கிழமை ஆபீசில் மாட்டிக்கொள்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூப்பிட்டாள். அவள் காதுக்குள் மட்டும்தான் நான் பேசுகிறேன், அது எனக்குத் தெரியும். இருந்தும் மாரெட்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு குரலைத் தணித்துத்தான் பேசினேன். பிள்ளையின் தலையில் முன்னாடியே எண்ணெய் வைத்திருந்தாள். குக்கர் சோறு தின்கிற வீட்டில் கஞ்சிக்கு எங்கே போவது? அதனால் வடிப்பதற்கென்றே ஒரு கைப்பிடி அரிசி போடச் சொல்லியிருந்தேன், போட்டிருந்தாள்.

“தொட்டிக்குள்ள நீயும் இறங்கி உக்காரு.”

“டிரெஸ் நனையுமேக்கா.”

“நனையட்டும். நீ நனையாம பிள்ள குளிக்காது. கால நீட்டு. அவள மடியில மல்லாக்கப் போடு. தல முழங்காலுக்கு அந்தால தொங்கட்டும்.”

பிள்ளை சிணுங்குவது கேட்டது. “நக்கோ” என்றாள்.

“கழுத்துக்கு அடியில கைய வையி. ஒடனே ஊத்தாத. ஒம் முகத்தப் பாக்கட்டும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“இப்பம்?” என்றாள் தங்கை, மூச்சுக்குள்.

“நெத்தியில விரலச் சேத்து வச்சுக்க. பின்னால போற மாதிரி ஊத்து. பையப் பைய.”

தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. அந்த நேரத்தில் என் மனசு நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது. அழுதுவிடு, ஒரே ஒரு தடவை பெரிம்மா என்று கத்திவிடு என்று ஒரு பக்கம் துடித்தது. அழுதுவிடாதே கண்ணே, அந்த முடியை வெட்டிவிடுவார்கள் என்று இன்னொரு பக்கம் கும்பிட்டது. அடுத்த குவளை விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது.

பிள்ளை பேசினாள். கூரையில் ஒரு கறை இருந்திருக்கும் போல. அது யானையா, ஆட்டோவா என்று கேட்டாள். தங்கை ஆட்டோ என்றாள். இல்லை, யானைதான் என்று அவள் அடம்பிடித்தாள். அப்படியானால் தும்பிக்கை எங்கே என்று இவள் கேட்டாள். தேய்க்கிற சத்தமும் பேச்சுமாகப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்தது என்ன என்று தங்கை என்னைக் கேட்கவில்லை. அவள் கைக்குப் பழகிவிட்டது.

“காதுக்குப் பின்னால சீயக்காய் நிக்கும், பாத்துக்க” என்றேன்.

பதில் இல்லை. நனைந்துவிடுமென்று ஹெட்போனைக் கழற்றி வைத்திருப்பாள். தூரத்தில் தண்ணீர்ச் சத்தம், பிள்ளை எதற்கோ கெக்கலித்துச் சிரிக்கிறாள், தங்கையும் சிரிக்கிறாள். என் தங்கை அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷக்கணக்காகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். பிறகு தொட்டியிலிருந்து தண்ணீர் வழிய எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. ஈரக் காலடிகள் போயின. கதவு மூடிக்கொண்டது. இரண்டு பேருடைய பேச்சும் வீட்டுக்குள் எங்கோ போய்த் தேய்ந்துவிட்டது.

என் கணவர் கூடத்தில் வந்து நின்றார். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “யாரு லைன்ல?” என்றார்.

“யாரும் இல்ல.”

“அப்பம் வச்சிர வேண்டியதுதான?”

“தலையத் துவட்டுனாளான்னு தெரியலியே” என்றேன்.